ஏணி எட்டாத மாடிக்கு ஏறும் முன்: கிருஷ்ணகிரி மாவட்டத் தீயணைப்புத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா.

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பதினான்கு மாடி அடுக்ககத்தில், பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். வேறு யாரும் கை தூக்காததால் இந்த வருடம் சங்கச் செயலாளர் பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் மேல் சொல்லத்தான் நிறைய இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி பத்தரை மணி இருக்கும், எங்கள் கட்டடத்தின் ஆறாவது மாடியில் மின்சாரக் கேபிள் போகும் ஷாஃப்ட்டிலிருந்து புகை வந்தது. தீ என்று பார்த்தால் பெரிதில்லை, ஒரு பழைய ஜாயின்ட் கருகிக் கேபிள் உறை எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கறுப்புப் புகை ஷாஃப்ட் வழியாகவே எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறி எங்கள் மாடிக் காரிடாரில் வந்து நின்றபோது, கண்ணெதிரே இருந்த லிஃப்ட் பட்டன் தெரியவில்லை. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் பத்து நிமிடத்தில் இருநூறு செய்தி. ஒருவர் எல்லோரும் உடனே கீழே வாருங்கள் என்கிறார், இன்னொருவர் யாரும் கதவைத் திறக்காதீர்கள் என்கிறார், மூன்றாமவர் கைகூப்பும் படம் போடுகிறார். சிலர் லிஃப்ட்டில் இறங்கினார்கள். சிலர் மொட்டை மாடிக்கு ஏறினார்கள், அங்கே பூட்டு. ஜோடிகள் போய் உட்காருகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு முன் நாங்களே தீர்மானம் போட்டுப் பூட்டியது. எங்கள் வாட்ச்மேன், பாவம், நல்ல மனிதர், அலாரம் அடித்ததும் என்னவென்று பார்க்க லிஃப்ட்டில் ஏறி நேராக ஆறாவது மாடிக்கே போனார். கதவு திறந்தது, புகை உள்ளே வந்தது, ஏதோ புண்ணியத்தில் கதவு திரும்ப மூடி லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது.

அதைப் புண்ணியம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1988 மே 4 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் 62 மாடி வங்கிக் கட்டடம் ஒன்றில் 12ஆவது மாடியில் தீப்பிடித்தது. அலாரம் அடிக்க அடிக்கக் காவல் ஊழியர்கள் அதை நிறுத்தி நிறுத்தி வைத்தார்கள், கடைசியில் ஒரு பராமரிப்பு ஊழியர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லிஃப்ட்டில் அதே மாடிக்குப் போனார். கதவு தீக்குள்தான் திறந்தது. அந்த விபத்தில் இறந்தவர் அவர் ஒருவரே.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் வண்டி வந்தது. கேட்டில் இரண்டு கார்களைத் தள்ளி நிறுத்தி, வளைவில் ஒடித்துத் திருப்பி உள்ளே வந்தது. அலுவலர் இறங்கியதும் அவர் வாயிலிருந்து வந்தது மூன்றே கேள்வி. "ஆறுக்கு மேலே எத்தனை பேர் இருக்காங்க? எந்தப் படியில புகை இல்ல? பம்ப் ரூம் சாவி யார்கிட்ட?" கீழே நூறு பேராவது நின்றிருப்போம். மூன்றுக்கும் பதில் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் ஆட்கள் ஐந்தாவது மாடி வரைக்கும் படியேறிப் போய் ஹோஸ் பாக்ஸைத் திறந்தார்கள். உள்ளே ஹோஸ் இருந்தது, அதன் முனையில் மாட்டித் தண்ணீரைப் பீய்ச்சும் பிராஞ்ச் இல்லை. பித்தளை அல்லவா, எந்தப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிற்றோ. வால்வைத் திருப்பினார்கள், கஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. கீழே பம்ப் ரூம் பூட்டை உடைத்து உள்ளே போன வயதான தீயணைப்பு வீரர் ஒருவர், வியர்வை சொட்டச் சொட்ட டார்ச் அடித்துப் பேனலைப் பார்த்துவிட்டு, "இத மேனுவல்ல வச்சது யாருப்பா?" என்றார். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். யாரென்று எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் ஜாக்கி பம்ப் (தீயணைப்புக் குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்ப்) ஓடி ஓடி நிற்கிறது, தூங்க முடியவில்லை என்று தரைத்தள வீட்டுக்காரர் புகார் கொடுத்தார், குழாயில் எங்கோ கசிகிறது என்பதால்தான் அது ஓடுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை, எலக்ட்ரீஷியனிடம் பம்ப் தானாக ஓடும் ஆட்டோ நிலையிலிருந்து மேனுவலுக்கு மாற்றச் சொன்ன கமிட்டியில் நானும் ஒருவன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் ஷாஃப்ட்டுக்கு ஒரு தகரக் கதவு போட்டு, பூசணிக்காய் உடைத்து, மறந்துவிட்டோம். நான் மறக்க முடியாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை எழுதுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான், பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த மடலை எங்களைப் போன்ற அடுக்ககக்காரர்களும் படிப்பார்கள்.

உயரமான கட்டடத்துத் தீ என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது ஏணி. "அவங்ககிட்ட எத்தனை மாடிக்கு ஏணி இருக்கு?" என்பதுதான் சங்கக் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வியே. சென்னை அண்ணா சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1975இல் எரிந்தபோது ஏணி எட்டாமல் போன கதை இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் ஏணி எவ்வளவு நீண்டாலும் அது நிற்கக் கெட்டியான தரை வேண்டும், சுற்றிலும் இடம் வேண்டும். எங்கள் வளாகத்தில் அந்த இடத்தில் நீச்சல் குளமும், பேஸ்மென்ட் கூரையின் மேல் புல்தரையும் இருக்கின்றன. அதனால் உயரத்தில் பிடித்த தீயை அணைக்கும் வேலை பெரும்பாலும் உள்ளேதான், படிக்கட்டு வழியாகத்தான் நடக்கிறது. ஒருவர் தலைக்கவசம், கோட்டு, முதுகில் காற்று சிலிண்டர், தோளில் ஹோஸ் என்று இருபது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு ஏற வேண்டும். சிலிண்டர் பெயரளவுக்கு அரை மணி, முக்கால் மணி தாங்கும், மூச்சு வாங்கினால் அதுவும் குறையும். தீப்பிடித்த மாடிக்கு நேராகப் போகாமல் இரண்டு மாடி கீழே ஓரிடத்தில் ஆட்களையும் மாற்று சிலிண்டர்களையும் சேர்த்து வைத்து, தீக்கு ஒரு மாடி கீழே உள்ள வால்வில் ஹோஸை மாட்டிக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எவ்வளவு காற்றோடு போனார் என்று ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்தபோதுதான் உங்கள் அலுவலர் கேட்ட கேள்விகளின் கனம் எனக்குப் புரிந்தது.

எந்தப் படி என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு படிக்கட்டு. ஹோஸ் போகும் படியின் கதவு மூடாது, ஹோஸே அதைத் திறந்து வைத்திருக்கும். அந்த இடுக்கு வழியாகப் புகை படிக்கட்டுக்குள் வந்து, புகைபோக்கியில் ஏறுவது போல மேலே ஏறும். அப்போது மேல் மாடிக்காரர்கள் அதே படியில் இறங்கிக்கொண்டிருந்தால் தாங்களாகவே புகைக்குள் நடக்கிறார்கள். எனவே தீயைத் தாக்குவதற்கு ஒரு படி, ஆட்கள் இறங்க இன்னொரு படி என்று யாராவது ஒருவர் முடிவெடுத்து, அதை எல்லோருக்கும் சொல்லி, சொன்னபடி நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அன்று ராத்திரி எங்கள் கிழக்குப் படியில் மேலிருந்து ஒரு கூட்டம் இறங்க, கீழிருந்து உங்கள் ஆட்கள் ஏற, நடுவில் ஒரு பாட்டியை நாற்காலியோடு இருவர் தூக்கி வர, மூன்றாவது மாடித் திருப்பத்தில் எல்லோரும் முட்டி நின்றோம். மேற்குப் படியில் ஒரு ஆள்கூட இல்லை. அந்தப் பக்கம் மூன்று வீட்டுக்காரர்கள் செருப்பு ஸ்டாண்டும் சைக்கிளும் வைத்திருப்பதால், அப்படி ஒரு படி இருப்பதே பாதிப் பேருக்கு நினைவில் இல்லை.

பிப்ரவரி 23 என்ற தேதியை ஓசூர்க்காரர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2010இல் அந்தத் தேதியில், நம்மிடமிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 9 பேர் செத்தார்கள். அவ்வளவு உயரமான கட்டடம்கூட இல்லை அது. தீயைவிடப் புகைதான் கொன்றது, மூச்சு முட்டி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்களும் உண்டு. அதற்குப் பத்தொன்பது வருடம் முன், 1991இல் இதே பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் 22ஆவது மாடியில் தீ. ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தால் தண்ணீர் ஒழுகுகிற மாதிரி வந்தது, அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தப்பாகச் செட் செய்து வைத்திருந்தார்கள். மூன்று தீயணைப்பு வீரர்கள் 28ஆவது மாடியில் புகையில் வழி தெரியாமல் இறந்தார்கள். கட்டடம் இடிந்துவிடுமோ என்று கடைசியில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். அத்தனை மாடிகளைத் தின்ற தீயை நிறுத்தியது 30ஆவது மாடியில் இருந்த பத்து ஸ்ப்ரிங்க்ளர் தலைகள், அதாவது சூடு பட்டதும் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிப்பவை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு மேல் மாடி வால்விலும் குறைந்தது 3.5 பார் அழுத்தம் வேண்டும் என்கிறது. எங்கள் பதினான்காவது மாடியில் அது எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. உங்கள் துறை கொடுத்த தடையில்லாச் சான்றின் நகல் மட்டும் ஃப்ரேம் போட்டு ஆபீஸ் சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது லண்டன் கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14, நள்ளிரவு 12.54க்கு முதல் அழைப்பு, நான்காவது மாடிச் சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கம் தீ. 24 மாடி, ஒரே ஒரு படிக்கட்டு. வந்த வீரர்கள் அந்த வீட்டுத் தீயை அணைத்தும்விட்டார்கள். ஆனால் அதற்குள் தீ ஜன்னல் வழியாக வெளியே போய், சுவருக்கு மேலே அழகுக்கும் வெப்பத் தடுப்புக்கும் ஒட்டியிருந்த பாலிஎதிலின் கலந்த தகடுகளைப் பிடித்துக்கொண்டு, அதிகாலை 1.30க்கு முன்பே உச்சியைத் தொட்டுவிட்டது. அங்கே வழக்கம், தீ உங்கள் வீட்டில் இல்லையென்றால் உள்ளேயே இருங்கள் என்பது. கான்கிரீட் சுவரும் நல்ல கதவும் இருந்தால் அது சரியான யோசனைதான், புகைப் படிக்கட்டில் இறங்குவதைவிட மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது நல்லது. ஆனால் கட்டடமே வெளிப்பக்கமாக எரியும்போது அந்த வழக்கம் செல்லாது. அதை மாற்றி எல்லோரும் இறங்குங்கள் என்று சொன்னபோது மணி 2.47. ஒன்றரைக்கும் ஒன்று ஐம்பதுக்கும் நடுவிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் விசாரணை ஆணையம் எழுதியது. 72 பேர் இறந்தார்கள். முதலில் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு எப்போது எல்லோரையும் வெளியேற்றுவது என்று முடிவெடுக்கப் பயிற்சியே கொடுத்திருக்கவில்லை என்பதையும் அதே ஆணையம் சொன்னது. தைரியத்துக்குக் குறைவில்லை ஐயா, அந்த வீரர்கள் திரும்பத் திரும்ப மேலே போனார்கள். முடிவெடுக்க வேண்டியவர் கையில் தேவையான விவரம் வந்து சேரவில்லை. மேலே சிக்கியிருந்தவர்கள் போனில் சொன்ன வீட்டு எண்கள் ஏதேதோ சீட்டுகளில் எழுதப்பட்டுக் கை மாறிக்கொண்டிருந்தன.

இனி என் கேள்வி. எங்கள் கட்டடத்தில் அந்த முடிவை யார் எடுப்பது? இருங்கள் என்றோ இறங்குங்கள் என்றோ சொல்லப் போகும் குரல் யாருடையது? நீங்கள் வந்து சேரும்வரை அது எங்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும். சிப்காட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கையில் நீங்கள் வந்து சேர எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வந்த பிறகு முதல் வண்டியின் அலுவலர்தான் தலைவர், பெரிய அதிகாரி வந்தால் நிலைமையைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பார் என்று படித்தேன். ஒருவர் ஐந்து பேரைத்தான் ஒழுங்காக மேய்க்க முடியும், மிஞ்சிப் போனால் ஏழு என்று 1970களில் கலிஃபோர்னியாக் காட்டுத்தீ அனுபவத்தில் உருவான முறை சொல்கிறதாம், அதைத் தழுவித்தான் 2010இல் நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லது. அன்றைக்கு எங்கள் வாசலில் உங்கள் அலுவலருக்கு யோசனை சொல்ல ஒரு முன்னாள் கவுன்சிலர், ஒரு பில்டர், இரண்டு வக்கீல், ஒரு டாக்டர், பிறகு நான். ஆறு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். எங்களை மேய்ப்பதற்கே அவருக்குப் பாதி நேரம் போயிருக்கும்.

இன்னொன்று, இது ஓசூர்க்கே உரியது. இங்கே ஒரே காரிடாரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் இருக்கும். என் எதிர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன் குடிவந்த ஒடிசாப் பையன்களுக்கு இந்தி மட்டும்தான் புரிகிறது. அன்று வாட்ச்மேன் கீழே நின்று தமிழில் கத்தியதைக் கேட்டு அவர்கள் ஏதோ சண்டை என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்களாம். தற்செயலாக அதுதான் அன்றைக்குச் சரியான காரியமாகப் போயிற்று என்பது வேறு.

உங்களிடம் நான் கேட்பது புது ஏணியும் இல்லை, புது வண்டியும் இல்லை. தீ இல்லாத ஒரு நாளில் எங்கள் கட்டடத்துக்கு ஒருமுறை வாருங்கள், அவ்வளவுதான். ஏப்ரல் 14 தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் வருகிற மாதிரி இல்லை. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள் அது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வந்தீர்கள், தட்டில் எண்ணெயைக் கொளுத்தி அணைத்துக் காட்டினீர்கள், கோணிச் சாக்கை நனைத்து கேஸ் சிலிண்டரை மூடிக் காட்டினீர்கள், குழந்தைகள் கைதட்டினார்கள், நாங்கள் போண்டா கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அதுவும் தேவைதான். ஆனால் உங்கள் ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் பம்ப் ரூமுக்குள் இறங்கியதில்லை. வெளியிலிருந்து உங்கள் வண்டி தண்ணீரை ஏற்றும் இன்லெட் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை (செம்பருத்திச் செடிக்குப் பின்னால் இருக்கிறது, நானே போன மாதம்தான் கண்டுபிடித்தேன்). உங்கள் வாக்கி டாக்கி எங்கள் பேஸ்மென்ட்டில் எடுக்குமா, பத்தாவது மாடியிலிருந்து கீழே கேட்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

வரும்போது உங்களுக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதே தாளை நிரப்பி, லேமினேட் செய்து, கேட்டில் ஒரு சிவப்புப் பெட்டியில் வைக்கிறோம். எந்த மாடியில் நடக்க முடியாதவர்கள், எந்த வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவிகள், மெயின் சுவிட்ச், எல்லாம். உங்கள் பட்டியலாக இருந்தால்தான் எங்கள் கமிட்டி கேட்கும், நான் எழுதினால் பட்ஜெட் இல்லை என்பார்கள். இருப்பதா இறங்குவதா என்று சொல்ல எங்களில் இருவரை, பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், நீங்களே சொல்லிக்கொடுத்து நியமித்துவிட்டுப் போங்கள். நாலு மொழியிலும் எழுதிப் பதிவு செய்து வைக்கிறோம். நீங்கள் வந்து இறங்கியதும் அந்த ஒருவர் மட்டும் உங்கள் அலுவலரிடம் பேசுவார், வக்கீல்களை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அத்திப்பள்ளி பக்கத்திலிருந்து கர்நாடக வண்டிகள் எல்லை தாண்டி உதவிக்கு வந்தால் அவர்கள் யார் சொல்வதைக் கேட்பார்கள் என்பதையும் முடிந்தால் பேசி வையுங்கள். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் போன பையன்களில் பலர் நம் தருமபுரி மாவட்டம் அம்மாப்பேட்டைக்காரர்கள். தீக்கு மாநில எல்லையெல்லாம் தெரியாது என்று அப்போதே எல்லோரும் பேசினோம்.

நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பம்ப் ஆட்டோவில் இருக்கிறது, கசிவை அடைத்தாயிற்று, தரைத்தளத்துக்காரர் தூங்குகிறார். பதினான்கு மாடிக்கும் புது பிராஞ்ச் வாங்கினோம், இந்தத் தடவை பிளாஸ்டிக்கில், எடைக்குப் போட்டால் காசு வராது. மொட்டை மாடிப் பூட்டைக் கழற்றிவிட்டோம், ஜோடிகள் வந்து உட்காரட்டும். மேற்குப் படியில் சைக்கிள் மட்டும் இன்னும் ஒன்று நிற்கிறது, அது தலைவர் வீட்டுப் பையனுடையது. நீங்கள் சீருடையில் வந்து கேட்டால் எடுத்துவிடுவார்கள்.

எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள். மேற்குப் படியிலேயே ஏறுவோம், சாவிக் கொத்தோடு நானும் கூட வருகிறேன். ஐந்தாவது மாடியில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன், அதைப் பலகையில் குறிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பதினோராவது மாடிக்காரன்
பாகலூர் ரோடு, ஓசூர்